குழந்தைக்கு உணவு ஒவ்வாமையா? ஒரு தகப்பனின் அனுபவம்

(நமது முன்னாள் மாணவர் சங்கக் குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னை அழைத்தபோது "தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுப்பா" என்றுதான் சொன்னார். "அண்ணே, அதைப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்னாடியே பாதிப் பேர் தூங்கிடுவாங்க. வீட்டில் நடந்த ஒன்றைப் பேசுகிறேன், அதிலும் பாதுகாப்பு இருக்கிறது" என்று அனுமதி வாங்கினேன். நான் டாக்டர் இல்லை. இதே கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, எண்ணூர் பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். குடியிருப்பது திருவொற்றியூர். அம்மா வீடு ராயபுரம். ஆகவே நான் சொல்வதை ஒரு தகப்பன் பட்ட பாடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. காலை ஏழு மணிக்குக் காசிமேட்டில் மீன் வாங்கினேன். குழம்புக்குச் சங்கரா, வறுவலுக்குக் கானாங்கெளுத்தி. பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, வழியில் இரண்டு வேலைகளை முடித்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போகும்போது மணி பத்தரை. அம்மா மீனைச் சுத்தம் செய்து மசாலா தடவி வைத்தார்கள். வறுத்தது ஒரு மணிக்கு. நானும் மனைவியும் குழம்பு மீனோடு நிறுத்திக்கொண்டோம். வறுவலைப் பாப்பாவும் அவள் ஆயாவும்தான் சாப்பிட்டார்கள்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. குழந்தையின் முகம், கழுத்து எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் வாந்தி. தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினோம். ஓர் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. "மீன் அலர்ஜியா இருக்கும், இனிமே குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா படுத்திருக்கிறார்கள். தலைவலி, படபடப்பு, முகமெல்லாம் எரிச்சல். "ஒண்ணும் இல்லடா, வெயிலு" என்றார்கள். சரி வெயில்தான் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதன்பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம், ஒரு காரணம். "எண்ணூர்க் காத்துதான்" என்றார்கள் சிலர். நம் பகுதிக் காற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2023 டிசம்பர் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போன குழாயில் அம்மோனியா கசிந்தபோது, நள்ளிரவில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் கெட்ட காற்று இளைப்பைக் கிளப்பும், கூட்டும். சாப்பிட்ட அரை மணியில் உடம்பு முழுக்கத் தடிப்பு வந்தால் முதலில் தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு லேபில் "அலர்ஜி பேக்கேஜ்" என்று விளம்பரம் பார்த்தேன். எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நானாகவே கொண்டுபோய் ரத்தம் கொடுத்தேன். பல பக்க ரிப்போர்ட் வந்தது. வேர்க்கடலை, முட்டை, பால், கோதுமை நான்குக்கும் பாசிட்டிவ். இறாலுக்கு மிகக் குறைவான அளவு. மீனுக்கு ஒன்றுமே இல்லை! இப்போது பாருங்கள் என் புத்திசாலித்தனத்தை. ரிப்போர்ட் "உண்டு" என்று சொன்னதை எல்லாம் அப்படியே நம்பினேன். "இல்லை" என்று சொன்ன மீனை மட்டும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தோமே, மீன் சாப்பிட்டுத்தானே வந்தது! ஆக மீனையும் சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்தினோம். இறாலை யாரும் பெரிதாக நினைக்கவே இல்லை.

பதினாலு மாதம். பால் இல்லை, முட்டை இல்லை, சப்பாத்தி, பிஸ்கட் இல்லை, கடலை மிட்டாய் இல்லை, மீன் இல்லை. அதுவரை இவை எல்லாவற்றையும் தின்று வளர்ந்த பிள்ளை அவள். வேர்க்கடலை உருண்டை என்றால் உயிர். சோறு, ரசம், கேழ்வரகுக் கஞ்சி, இட்லி என்று ஓடியது. பிறந்தநாள் வீடுகளுக்குத் தனி டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம். ஒருநாள் அப்படி ஒரு வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் கேக் தின்றுகொண்டிருக்க, இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இதைச் சாப்ட்டா நான் செத்துடுவேனாப்பா?" என்று கேட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருப்பாள்.

அந்த வயதில் ஒரு குழந்தை வருடத்துக்குச் சுமார் 2 கிலோ எடை கூட வேண்டும். இவளுக்குப் பதினாலு மாதத்தில் அரைக் கிலோகூடக் கூடவில்லை. பள்ளிக்கூடத்தில் மிஸ் கூப்பிட்டுச் சொன்னபிறகுதான் எங்களுக்கு உறைத்தது. 2023 ஆகஸ்டில், குழந்தைகளின் ஒவ்வாமையையே தனியாகப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி மேசையில் ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என்ன மீன்? எங்கே வாங்கினீங்க? வாங்கி எத்தனை மணி நேரம் கழிச்சு சமைச்சீங்க? அதுக்கு முன்னாடி அந்த மீனை சாப்பிட்டிருக்காளா? கடைசியாக, "அன்னிக்கு அதே மீனை வேற யார் சாப்பிட்டாங்க? அவங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

எனக்கு முதுகில் சில்லென்றது. அம்மாவின் "வெயில்" ஞாபகம் வந்தது.

தோழர்களே, மீன் சாப்பிட்டு வரும் தடிப்பெல்லாம் அலர்ஜி அல்ல. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. பிடித்த மீனை ஐஸில் வைக்காமல் விட்டால், பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பே வெளியே விடுகிற அதே ஹிஸ்டமின்தான் இது. ஆக உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நாம் தட்டில் வைத்துச் சாப்பிடுகிறோம். முகச் சிவப்பு, தடிப்பு, தலைவலி, படபடப்பு, வாந்தி எல்லாம் அச்சு அசல் அலர்ஜி மாதிரியே வரும், சில மணி நேரத்தில் போய்விடும். இது அலர்ஜி அல்ல, ஒருவகை விஷம். அதனால்தான் ஒரே மீனைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வரும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது. நாற்றம்கூடத் தெரியாமல் இருக்கலாம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. மீனைப் பிடித்ததிலிருந்து 4 டிகிரிக்குள்ளேயே வைத்திருந்தால் பிரச்சினை பெரும்பாலும் தலைகாட்டாது.

மே மாதத்துக் கதையை இப்போது திரும்பப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். லாஞ்சு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். சின்னப் படகுகளின் மீன் போதாமல் கேரளா பக்கத்திலிருந்து லாரியில் ஐஸ் போட்டு மீன் வரும். அந்தக் கானாங்கெளுத்தி எத்தனை நாள், எத்தனை கை மாறி வந்ததோ! அதற்காக விற்ற அக்காவை நான் குற்றம் சொல்லத் தயாராக இல்லை. ஏழு மணிக்கு வாங்கியதை மே மாத வெயிலில் ஸ்கூட்டரில் தொங்கவிட்டு, ஒரு மணிக்கு வறுக்கச் சொன்னவன் நான். பம்புக்கு பேரிங் வாங்கினால் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வருகிறவன், மீனுக்கு ஒரு ஐஸ் டப்பா எடுத்துப் போகவில்லை.

சரி, அந்த நாலு பாசிட்டிவ்? டாக்டர் கேட்டார், "உங்க ஆலையில கேஸ் டிடெக்டர் அடிச்சா என்ன சார் செய்வீங்க?" போய்ப் பார்ப்போம், கையில் வேறு மீட்டர் எடுத்துப் போய் அளப்போம் என்றேன். "ரத்தத்துல ஐஜிஇ இருக்குன்னா அலாரம் அடிக்குதுன்னு அர்த்தம். கசிவு இருக்குன்னு அர்த்தம் இல்லை" என்றார். பெங்களூர், மைசூர் நகரங்களில் பெரியவர்களை வைத்து யூரோபிரெவால் என்ற ஆய்வு நடந்து 2016-இல் வெளியானது. ரத்தப் பரிசோதனையில் ஏதாவது ஓர் உணவுக்குப் பாசிட்டிவ் வந்தவர்கள் 26.5 சதவீதம். உண்மையில் உணவு அலர்ஜி இருக்கக்கூடியவர்கள் என்று கணக்கிட்டது 1.2 சதவீதம்தான். நான்கில் ஒருவருக்கு அலாரம் அடிக்கிறது, நூற்றில் ஒருவருக்குத்தான் கோளாறு. பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை ஒரு காகிதத்தைப் பார்த்து நிறுத்தவே கூடாது என்றார். ஐஜிஜி என்று இன்னொரு பரிசோதனையும் விற்கிறார்கள். அது அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதை மட்டுமே காட்டும், அலர்ஜிக்கு அதை நம்ப வேண்டாம்.

தீர்மானமான சோதனை ஒன்றே ஒன்றுதான். சந்தேகப்படும் உணவை மருத்துவமனையிலேயே, டாக்டர் பக்கத்தில் இருக்க, மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து, இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பது. ஊசி மருந்து தயாராக இருக்கும். பதினாலு மாதம் நிறுத்தியதால் வேர்க்கடலை, முட்டை, பால், கோதுமையையும் தன் கண் முன்னால்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்றார். வாரம் ஒன்றாக நடந்தது. நான்கிலும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, ஐஸில் கொண்டுவந்த புதுக் கானாங்கெளுத்தி. அதையும் ரசித்துத் தின்றாள். வெளியே வந்ததும் என் மனைவி அழுத அழுகையில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன்.

கேள்வி கேட்டுக்கொண்டிருந்த முதல் நாளே என் மனைவி ஒன்று சொல்லியிருந்தாள். கீரைப் பொரியலில் சென்னாக்குன்னி போட்டுக் கொடுத்தால் "வாய் அரிக்குது" என்று பாப்பா தள்ளிவிடுவாளாம். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தோம். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, இறாலையும் சோதித்துவிடலாம் என்றார். ரிப்போர்ட்டில் மிகக் குறைவு என்று போட்டிருந்ததே, அது. முதல் அளவு, ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒன்றும் இல்லை. மூன்றாவது கொடுத்துப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, தடிப்பு வந்தது, விடாமல் இருமினாள். குரல் கரகரத்தது. டாக்டர் பதறவில்லை. தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் போட்டார், அவளுடைய 16 கிலோவுக்கு 0.16 மில்லி. சில நிமிடங்களில் இருமல் நின்றது. இரவு முழுக்க அங்கேயே வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். வீட்டில் யாராவது பாசத்தில் ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

சந்தேகப்பட்டது ஒன்றும் இல்லை, சந்தேகப்படாதது நிஜம். இறால், நண்டு வகைகளில் அலர்ஜி தருவது டிரோபோமயோசின் என்ற புரதம். மீனில் தருவது வேறு, பார்வால்புமின். ஆகவே "கடல் சாப்பாடே ஆகாது" என்று மொத்தமாகச் சொல்வது தப்பு. இறாலின் புரதம் வேக வைத்தாலும் அழியாது. எங்கள் பக்கத்து வண்டிக் கடைகளில் மீனையும் இறாலையும் ஒரே எண்ணெயில் வறுப்பார்கள், அங்கே மீன்கூட வாங்குவதில்லை. சென்னாக்குன்னி டப்பா அம்மா வீட்டிலிருந்தே வெளியேறிவிட்டது. கருவாட்டுக் கடையில் இரண்டும் கலந்து கிடக்கும், அதுவும் வேண்டாம். பாக்கெட் உணவில் 2020-இன் லேபிள் விதிமுறைப்படி இறால்-நண்டு வகை, மீன், முட்டை, பால், கொட்டைகள், சோயா, பசையம் உள்ள தானியங்கள் இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்த வரிகளில்தான்.

வெளிநாட்டில் பேனா மாதிரி அட்ரினலின் ஊசி வைத்திருப்பார்கள். நம் மருந்துக் கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. டாக்டர் ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, எங்கள் இருவருக்கும் ஆயாவுக்கும் ஊசி போடப் பழக்கிவிட்டார். அவளுடைய எடைக்கான அளவை அவ்வப்போது மாற்றி எழுதித் தருகிறார், அதை வேறு பிள்ளைக்குப் பயன்படுத்த முடியாது. மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம் வந்தால் முதலில் ஊசி, பிறகு 108. வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும், நடக்க விடக் கூடாது. மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளைய தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பயந்துபோய் வேர்க்கடலை, முட்டையை வருடக் கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000-இல் அலர்ஜி அபாயம் உள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றார்கள், 2008-இல் அதைக் கைவிட்டார்கள். 2015-இல் லண்டனில் நடந்த ஆய்வு, கைக்குழந்தையிலேயே ஆரம்பித்தவர்களுக்குத்தான் அந்த அலர்ஜி வெகுவாகக் குறைந்தது என்று காட்டிவிட்டது. முழுக் கடலையாகக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். அரைத்துக் கலந்து கொடுங்கள். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பாப்பா இப்போது எடை கூடிவிட்டாள். நாங்கள் காசிமேட்டுக்கு ஐஸ் பெட்டியோடு போகிறோம். "மீனு வாங்க வந்தியா, ஐஸ்கிரீம் விக்க வந்தியா கண்ணு?" என்று அந்த அக்கா கேலி செய்கிறார். ஆனால் கேட்காமலே இரண்டு கை ஐஸ் கூடப் போடுகிறார். வருடம் ஒருமுறை டாக்டரிடம் போகிறோம். இறால் அலர்ஜி பெரும்பாலும் பெரியவர்கள் ஆனாலும் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அவளும் இன்று வந்திருக்கிறாள், மூன்றாவது வரிசையில் நெளிந்துகொண்டிருப்பவள்தான். மதிய விருந்தில் மீன் வறுவலும் இறால் தொக்கும் இருப்பதாகச் செயலாளர் அண்ணன் சொன்னார். சமையல்காரரிடம் காலையிலேயே பேசிவிட்டேன். இரண்டுக்கும் தனிச் சட்டி, தனிக் கரண்டி. பந்தியில் பரிமாறும் தம்பிகள் மட்டும் தயவு செய்து கரண்டியை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.