ஏழாம் காண்டமும் துடைப்பமும்

(கம்பத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெளியே டீக்கடையில நம்ம கல்லூரித் தம்பிகள் நாலைந்து பேர் ஒரு தொடரைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய நாவல்களை வைத்து அமெரிக்காவில் 2011 முதல் 2019 வரை எடுத்த மாயாஜாலக் கதை. அத்தனை தூரத்தை அந்தப் படை எப்படி அவ்வளவு சீக்கிரம் கடந்தது, இத்தனை வருசம் நியாயம் பேசிய ராணி ஒரே நாளில் எப்படி ஊரையே எரித்தாள் என்று ஒரு தம்பி அடுக்கிக்கொண்டே போனார். பழங்காலத்து விருந்து மேசை மேல் காப்பிக் கடைக் கோப்பை ஒன்று மறதியாக இருந்துபோன கதையையும் சொன்னார். சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசிப் பாகத்தைத் திரும்ப எடு என்று 15 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்களாம். கம்பெனிக்காரன் எடுக்கவில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 'இது எப்படி நடக்கும்?' என்று கேட்கிறவன் பாதி விடுதலை அடைந்தவன். ஆனால் இந்தக் கேள்வியைத் தொலைக்காட்சித் தொடரை நோக்கிக் கேட்டு, கேட்டதை வாங்கியும் காட்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டார்கள்.

1987 ஜனவரி கடைசியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் காலையில். ரயில் நின்றது, கடை அடைத்தார்கள், டிவிப் பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். 1988 ஜூலை கடைசியில் பட்டாபிஷேகத்தோடு முடித்தார்கள். ராமன் முடி சூட்டிக்கொண்டான், எல்லாம் சுபம்.

அப்போது பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். என்ன கோரிக்கை? சம்பளமா, போனசா? இல்லை. கதை முடியவில்லை என்றார்கள். ஏழாவது காண்டம் எங்கே? உத்தர காண்டம் எங்கே? அதில்தானே எங்கள் வால்மீகி வருகிறார்? கர்ப்பிணியாக விரட்டப்பட்ட சீதைக்கு இடம் கொடுத்தவர் அவர்தானே? பிள்ளைகளை வளர்த்தவர் அவர்தானே? கதையைச் சொன்னவனையே கதையிலிருந்து தள்ளிவிட்டு எப்படி முடிப்பாய்? வேலைநிறுத்தம் வட இந்தியாவின் பல நகரங்களுக்குப் பரவியது. குப்பை மலையாகக் குவிந்தது. நோய் பரவிவிடும் என்று அரசு பயந்தது. உத்தர காண்டமும் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஒளிபரப்பும் தொடங்கியது.

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். "இராமாயணத்துல இடம் கேட்டா போராடுறது? அதைக் கொளுத்தணும்னுதானே நாம சொல்றோம்?" அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறேன். பஞ்சாபிலும் டில்லியிலும் மலம் அள்ளப் பணிக்கப்பட்ட மக்களிடம் வால்மீகி என்ற பெயரைப் பரப்பியதில் ஆரிய சமாஜத்துக்குப் பங்குண்டு. அவர்களை இந்துக் கணக்குக்குள் கட்டிவைக்கக் கொடுத்த பெயர் அது. ஆனால் கட்டின கயிற்றின் மறுமுனையைப் பிடித்து அந்த மக்கள் இழுத்தார்கள். "எங்களை உன் கதைக்குள் சேர்த்தாய் அல்லவா, அப்படியானால் கதையை முழுசாச் சொல்லு" என்றார்கள். தர்க்கம் தர்க்கம்தானே?

இனி நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். கொடைக்கானல் டவர் புண்ணியத்தில் இங்கேயும் அந்தத் தொடர் தெரிந்தது. மொழி இந்தி. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியாது. எங்கள் பக்கத்து ஊரில் பஞ்சாயத்து டிவி ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். டிவி இருந்தது ஊருக்குள்ளே, நம்ம பிள்ளைகள் நின்றது சன்னலுக்கு வெளியே. அவர்களுக்குப் பின்னால் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு லீவு. மொழி புரியாததால் கிழவிகள்தான் கதை சொல்ல வேண்டியிருந்தது. அங்கேதான் விசயமே இருக்கிறது. சாகர் எடுத்தது ஒரு ராமாயணம், சன்னலுக்கு வெளியே நடந்தது இன்னொரு ராமாயணம்.

வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றபோது ஒரு அப்பத்தா சொன்னது: "மரத்துக்குப் பின்னால நின்னு அடிக்கிறவனுக்கு எதுக்குப்பா அம்புட்டுப் பெரிய வில்லு?" சேது கட்டும் காட்சியில் ராமன் பெயரை எழுதிப் போட்ட கல்லெல்லாம் மிதந்தது. இன்னொருத்தி கேட்டாள்: "எழுதிப் போட்டா மிதக்கும்னா, அதைத் தூக்கிச் சுமக்க எதுக்கு இம்புட்டுச் சனம்?" இந்தக் கேள்வி இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவளுக்குத்தான் தோன்றும். மேலே பெரியாறு அணையை 1887-லிருந்து 1895 வரை கட்டினார்கள். பென்னிகுயிக் துரை படம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது, லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபமும் வந்துவிட்டது. அவர் செய்ததை நான் மறுக்கவில்லை. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துச் செத்துக் கல் சுமந்தவர்களின் பேரன் பேத்திகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், அந்தத் தண்ணி பாய்கிற வயலில் அவர்களுக்குப் பட்டா எத்தனை சென்ட் என்று மட்டும் கேட்கிறேன்.

தோல்பாவைக் கூத்துப் பார்த்த தலைமுறைக்கு இந்தக் கேட்கும் பழக்கம் புதிது கிடையாது. கூத்தில் ராமனும் ராவணனும் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் குறுக்கே வந்து விழுவார்கள். ராசாவைக் கிண்டல் பண்ணுவார்கள். பார்க்கிற சனத்தின் வாயில் இருப்பதை அவர்கள் கேட்டுவிடுவார்கள். கூத்து நின்று, பதில் சொல்லிவிட்டு, அப்புறம் போகும். டிவிப் பெட்டி செய்த முதல் காரியம் அந்த இரண்டு பேரையும் வேலையை விட்டு நீக்கியது. ராமன் சிரித்துக்கொண்டே இருக்கிறான், பின்னால் வாத்தியம் வாசிக்கிறார்கள், நீ கும்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆனால் கேள்வி வரும் என்று சாகருக்கும் தெரியும். அதனால் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் பார்த்து அடைத்தார். சீதையைத் தீயில் இறங்கச் சொன்னது எப்படி நியாயம்? துளசிதாசரிடமிருந்து ஒரு ஒட்டுத்துணி எடுத்தார். தூக்கிப்போனது நிழல் சீதையைத்தான், நிஜச் சீதை அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள், தீயில் இறங்கியது அவளைத் திரும்ப வாங்கத்தான் என்றார். நிழல் சீதைக்காகவா அத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. கர்ப்பிணியைக் காட்டுக்கு அனுப்பினானே? அனுப்பவில்லை, அவளே போகிறேன் என்று வற்புறுத்தினாள் என்று மாற்றினார். வீட்டை விட்டு விரட்டப்பட்ட எத்தனை பெண்களின் வழக்கில் இதே வாக்குமூலத்தைப் படித்திருக்கிறோம்!

சம்பூகன்? அவனுக்கு ஒட்டுப்போட முடியாது. ஒரு பார்ப்பனனின் பிள்ளை செத்துப்போகிறது. அரண்மனை வாசலில் பிணத்தைக் கிடத்தி அழுகிறான். எங்கோ ஒரு சூத்திரன் தவம் செய்கிறான், அதுதான் காரணம் என்கிறார் நாரதர். ராமன் விமானம் ஏறிப் போகிறான். தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறவனிடம் நீ என்ன வருணம் என்று கேட்கிறான். சூத்திரன் என்று சொன்னதும் வெட்டுகிறான். அங்கே பிள்ளை பிழைக்கிறது. காய்ச்சலா, பாம்புக்கடியா என்று ஒரு விசாரணை கிடையாது. இதை எப்படி அழகாக எடுப்பது? எடுக்கவே இல்லை. விட்டுவிட்டார்கள். உத்தர காண்டம் கேட்டுத் தெருவில் நின்ற மக்களுக்கு, சம்பூகனின் தலையோடு சேர்த்து அவன் கதையையும் வெட்டிய உத்தர காண்டம்தான் கிடைத்தது. போராட்டம் வென்றதா தோற்றதா என்று கேட்டால் என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

தமிழில் கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள். அதனால் சம்பூகனை நமக்கு அறிமுகம் செய்ததில் புலவர்களைவிடப் பெரியாருக்குப் பங்கு அதிகம். அவருடைய 'இராமாயணப் பாத்திரங்கள்' பாத்திரம் பாத்திரமாக எடுத்துக் கேள்வி கேட்ட புத்தகம். அதை லலாய் சிங் யாதவ் 1968-இல் 'சச்சி ராமாயண்' என்று இந்தியில் வெளியிட்டார். உத்தரப் பிரதேச அரசு 1969-இல் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1976-இல் லலாய் சிங் ஜெயித்தார். எம்.ஆர். ராதா இங்கே இராமாயண நாடகம் போட்டபோது அரசு அவருக்காகவே 1954-இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். கதையில் ஓட்டை இருக்கிறது என்று ஒருத்தன் சொன்னால் அதற்கு ஒரு சட்டம், ஒரு தடை! அப்படி என்ன ஓட்டை அது?

இன்னொரு தற்செயலைக் கவனியுங்கள். சாகர் ராமாயணம் ஓடிக்கொண்டிருந்த அதே 1987-இல்தான் மகாராஷ்டிர அரசு அண்ணல் அம்பேத்கரின் 'இந்து மதத்தின் புதிர்கள்' கையெழுத்துப் படியை நூலாக்கியது. அதன் பின்னிணைப்பில் ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய புதிர் வருகிறது. வாலி வதம், சீதை, சம்பூகன் எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வதுபோல் எடுத்துக் கேட்கிறார். நீக்கு என்று சிவசேனை தெருவில் இறங்கியது. 1988 தொடக்கத்தில் பம்பாயில் தலித் மக்கள் பெருந்திரளாகத் திரண்டு நீக்காதே என்றார்கள். கடைசியில் அத்தியாயம் இருந்தது. இந்தக் கருத்துகளில் அரசுக்கு உடன்பாடில்லை என்று ஒரு குறிப்பும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசு டிவியில் ராமன் வந்தபோது, அதில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று யாராவது குறிப்புப் போட்டார்களா?

ஆக, 1988 என்ற ஒரே ஆண்டில் இரண்டு கூட்டம். பம்பாயில் கதையை உடைத்தவரின் புத்தகத்தைக் காக்க ஒன்று. ஜலந்தரில் கதையை முழுசாச் சொல் என்று கேட்டு ஒன்று. நான் பம்பாய்க் கூட்டத்தோடு நிற்கிறவன். ஆனால் ஜலந்தர்க்காரர்கள் கண்டுபிடித்த ஒன்று நமக்கு இன்னும் கைவரவில்லை. நாம் தர்க்கத்தை மேடையில் வைத்திருக்கிறோம். அவர்கள் அதை உழைப்பில் வைத்திருந்தார்கள்.

நம் வீட்டுக் கதைக்குள்ளும் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், அதையும் பேச வேண்டும். இந்தப் பக்கம் அருந்ததியர் தெருக்களில் மதுரைவீரன் சாமி இருக்கிறார். சக்கிலியர் வீட்டுப் பிள்ளை. ஆனால் கதைப்பாடலில் என்ன சொல்கிறார்கள்? காசி ராசாவுக்குப் பிறந்தான், சோசியன் சொன்னதால் காட்டில் விட்டார்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் ராசா வீட்டுப் பிறப்புதான். வீரம் இருந்தால் அது ராசா ரத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சரி, ராசா மகன் என்றால் மதுரையில் ஏன் மாறுகால் மாறுகை வாங்கினார்கள்? வெட்டும்போது மட்டும் அவன் யார் என்று எப்படித் தெளிவாகத் தெரிந்தது? பிறப்பு ஒருத்தன் எழுதியது, சாவு நடந்தது. இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டாத அந்த இடத்தில்தான் நம்ம சரித்திரம் கிடக்கிறது.

1989 செப்டம்பரில் போடியில் கலவரம் நடந்தது. மூத்த தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஊர் வாயில் ஓடிய கதை என்ன? ஒருத்தர் மேடையில் பேசினார், அதனால்தான் எரிந்தது என்பது. எத்தனையோ காலமாகப் பூட்டிவைத்த வாய் திறந்ததுதான் குற்றம், தீ வைத்த கைக்குக் காரணமே கிடையாது. அந்தச் சூத்திரன் தவம் செய்தான், அதனால் இந்தப் பிள்ளை செத்தது. தம்பிகளே, அதே கதை, அதே திரைக்கதை. டிராகன் எப்படிப் பறந்தது என்று கேட்கிற உங்கள் மூளை, அடுத்த நாள் பேப்பரில் 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று படிக்கும்போதும் அதே வேகத்தில் வேலை செய்ய வேண்டும்.

ஜலந்தர் மறந்துபோகவில்லை. 2019 செப்டம்பரில் கலர்ஸ் சேனலில் லவகுசர்களைப் பற்றி ஒரு தொடர் வந்தபோது, வால்மீகியை இழிவாகக் காட்டுகிறது என்று சொல்லி அதே மக்கள் பஞ்சாப் முழுதும் கடையடைப்பு நடத்தினார்கள். மாநில அரசு அங்கே ஒளிபரப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஊரடங்கில் தூர்தர்ஷன் சாகர் ராமாயணத்தை மறுபடியும் போட்டது. 2020 ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே இருந்தவர்கள் யார்? துடைப்பம் பிடித்தவர்கள். சீதையாக நடித்தவர் 1991-இல் பாஜக எம்.பி., ராவணனாக நடித்தவரும் அப்படியே. ராமனாக நடித்தவர் 2024-இல் மீரட்டிலிருந்து எம்.பி. ஆகியிருக்கிறார். போர் முடிந்து எல்லாரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டார்கள், அதையும் ஒரு கிளைக்கதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது, கூடலூர்த் தோழர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. ஒரு வேலை சொல்லிவிட்டு உட்காருகிறேன். மதுரைவீரன் கோயில் கும்பிடு வரும்போது பாட்டுச் சொல்கிற பெரியவர்கள் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். பிறப்பை ஒவ்வொரு தெருவிலும் எப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சின்னமனூரில் ஒரு மாதிரி இருக்கும், பெரியகுளத்தில் வேறு மாதிரி இருக்கும். காசி ராசா இல்லாமல் சொல்கிற பாட்டி ஒருத்தி எங்கேயாவது இருப்பாள். அவளைக் கண்டுபிடித்தால் முதலில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நானும் வருகிறேன்.