மாணவரும் ஆராய்ச்சியும்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையில் அமைந்தது பொம்மசந்திராத் தொழிற்பேட்டை. பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. மருந்துகளை ஆராயும் பெரிய கூடங்களும் அங்கேயே உள்ளன. அவற்றின் வாயிலை நாள்தோறும் கடந்து செல்லும் தொழிலாளியின் மகளோ மகனோ பி.எஸ்ஸி. படிக்கக்கூடும். ஆயினும், “ஆராய்ச்சி டாக்டர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு?” என்று ஒதுங்கிவிடுவதே வழக்கம். இவ்வெண்ணம் சரிதானா?

1928-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பௌதிகப் பேராசிரியர் ஸம்மர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் அவரை நேரில் சென்று கண்டார். மாணவன் கற்றிருந்த பௌதிகம் பழையதாகிவிட்டது என்று சொன்ன பேராசிரியர், இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். அதைப் படித்துத் தெளிந்த மாணவர் தாமே ஒரு கட்டுரை எழுதினார். 1929-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அதனை வெளியிட்டது. அப்போது அவர் பட்டதாரியும் அல்லர். 1983-இல் நோபெல் பரிசு பெற்றவர் அவரே.

எல்லாரும் சந்திரசேகர் ஆவதில்லை. ஆனால், துணிந்து சென்று கேட்பது எல்லாருக்கும் இயலும். இன்று அதற்கு ஒழுங்கான வழியும் இருக்கிறது. சர் சி. வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம், புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள கழகங்களுடன் சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் மாணவர்களை ஒரு விஞ்ஞானியின்கீழ்ப் பணியாற்ற அனுப்புகிறது. உதவித்தொகை உண்டு. தாம் செய்ய விரும்புவது யாதென்று மாணவர் சுருக்கமாக எழுதவேண்டும். அவரை அறிந்த ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். ஆகவே, விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், வகுப்பு முடிந்தபின் ஆசிரியரை அணுகி, “தங்கள் ஆராய்ச்சியில் நான் உதவலாமா?” என்று கேட்பதே முதற்படி.

வேலை எளிதன்று. கண்ணாடிக் குழாய்களைக் கழுவவும், ஒரே அளவைப் பத்துமுறை எடுக்கவும் நேரும். முடிவில் எதிர்பார்த்த விடை கிட்டாமலும் போகலாம். எனினும், புத்தகத்தில் எழுதியிருப்பது எவ்வாறு தெரியவந்தது என்பதை மாணவர் அங்கேதான் உணர்கிறார்.

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. விடுமுறையில் பிள்ளை ஈட்டும் சிறுகூலி வீட்டு வாடகைக்கு உதவும். ஆயினும் ஒரே ஒரு கோடையை அப்பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். நாம் வாயிலோடு நின்ற கூடத்தினுள் நம் மக்கள் நுழைவதற்கு அதுவே வழியாகலாம்.