கழுவக் கழுவத் தீராத அச்சம்



கைகளைக் கழுவுங்கள் என்று ஊர்தோறும் சொல்லி வருபவன் நான். ஆயினும் கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவித் தோல் வெடித்து நிற்பவருக்கு அவ்வறிவுரை பயன்படாது. அவருக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய்; பேயுமன்று, பிடிவாதமுமன்று.

கழுவியதும் அச்சம் தணிகிறது. அத்தணிவே மறுமுறையும் கழுவத் தூண்டுகிறது. இச்சுழலை அறுக்கும் முறையை, இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மேயர் என்னும் உளவியலார் 1966-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அஞ்சும் பொருளைத் தொடவேண்டும், தொட்டபின் கழுவாதிருக்கவேண்டும். அவ்வளவே!

சாணத்துக்கு அஞ்சும் பெண்மணி முதலில் தொழுவத்தின் தூணைத் தொடுவார். சில நாள் கழித்து மாட்டின் கயிற்றை. பின்னரே சாணக் கூடையை. ஒவ்வொரு படியிலும் அச்சம் முதலில் ஏறும். கழுவாமல் பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானே இறங்கும்; அஞ்சிய தீங்கு நேரவில்லை என்பதையும் மனம் கற்றுக்கொள்ளும். (பூச்சிமருந்து தெளித்தவர் கை கழுவாதிருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க!)

நோயாளியின் சம்மதத்தோடு, பயிற்சி பெற்றவரே இதனை நடத்தவேண்டும். வீட்டார் தண்ணீர்க் குடத்தைப் பறித்து வைப்பது சிகிச்சையன்று, கொடுமை. “சுத்தமாகத்தான் இருக்கிறது” என்று நூறு முறை தேற்றுவதும் நோய்க்கு உரமிடுவதே. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். இவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.