அப்பாகிட்ட கேக்க வேண்டிய ஒரு கேள்வி

இன்னிக்கு எபிசோடு நம்மளைப் பத்தி இல்ல, நம்ம அப்பாக்களைப் பத்தி.

திருவள்ளூர் பக்கம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற ஐம்பது வயசு அப்பாக்கள் நிறைய. ராத்திரி மூணு தடவை எழுந்தா 'சுகர்'. சிறுநீர் விட்டு விட்டுப் போனா 'வயசு'. இடுப்பு வலிச்சா 'லோடு தூக்கினது'. எல்லாத்துக்கும் ஒரு காரணம் ரெடியா வச்சிருப்பாங்க. பல நேரம் அது சரியாவும் இருக்கும்.

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்ன சுரப்பி. வயசாக ஆக அது பெருசாகி சிறுநீர்க் குழாயை நெருக்கும். அது புற்றுநோய் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்கும். குழாயைத் தொடாததால ஆரம்பத்தில் ஒண்ணுமே தெரியாது. எலும்புக்குப் பரவின பிறகுதான் சிலருக்கு இடுப்பு வலியா வெளியே வரும். அலர்ட் வரலைன்னா சர்வர் நல்லா இருக்குன்னு நாம நம்புறோமா?

அதனால அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். 50 வயசானா பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பத்தி டாக்டர்கிட்ட பேசணும். குடும்பத்தில் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தா 45லேயே. சிறுநீரில் ரத்தம் வந்தா எந்த வயசானாலும் உடனே போகணும்.

பி.எஸ்.ஏ. கூடினாலே புற்றுநோய்னு பயப்படாதீங்க. கிருமித்தொற்று இருந்தாலும், சுரப்பி பெருசானாலும் கூடும். அடுத்து எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டா பயாப்ஸி. கண்டுபிடிச்சாலும் எல்லாருக்கும் ஆபரேஷன் கிடையாது. மெதுவா வளர்ற வகைன்னா, சிகிச்சை இல்லாம தொடர்ந்து கண்காணிச்சுட்டே இருப்பாங்க.

ஒரு விஷயம் கவனிங்க. அரசு வழக்கமா நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் மூணுக்கும்தான். புராஸ்டேட் அதுல இல்லை. யாரும் வீடு தேடி வந்து கேக்க மாட்டாங்க. ஈ.எஸ்.ஐ. இருந்தா டிஸ்பென்சரியில் தொடங்கலாம். இல்லைன்னா திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 1954லேர்ந்து இயங்குற அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கு.

'செக்கப் வாங்க'ன்னு கூப்பிட்டா அப்பா வர மாட்டார். வேற மாதிரி ஆரம்பிங்க: "அப்பா, தாத்தாவுக்கு என்ன நோய் இருந்துச்சு? பெரியப்பா, சித்தப்பா யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?" பதில் அவருக்கு மட்டும் இல்ல, பசங்களுக்கும் தேவை. அந்த ரத்தம்தானே நம்ம உடம்புலயும் ஓடுது.

இந்த ஞாயித்துக்கிழமை கேட்டுடுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.