ஒரு கட்டம் தள்ளி

(ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சி நாளில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் இந்த ஊர்ப் பிள்ளை. பூவராகப் பெருமாள் கோயில் தேரன்று பள்ளிக்கு மட்டம் போட்டவர்களில் ஒருவன். இன்று ஆசிரியர்கள் எதிரே அமர்ந்திருக்க நான் பேசுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கை கால் வசப்படாத, பேச்சு வராத குழந்தைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அந்த வேலைக்கு என்னை இழுத்தவன் என் அக்கா மகன். அவன் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அவனுக்கு மூளை முடக்குவாதம். வலது முழங்காலை மட்டும் ஓரளவு நினைத்தபடி அசைப்பான். அதன் பக்கத்தில் ஒரு சுவிட்சைப் பொருத்தினேன். திரையில் ஆறு படங்கள். வெளிச்சம் ஒவ்வொரு படத்திலும் இரண்டு நொடி நின்று அடுத்ததற்கு நகரும். வேண்டிய படத்துக்கு வரும்போது அவன் தட்ட வேண்டும். மாடு எது என்றால் ஆட்டைத் தட்டினான். தண்ணீர் எது என்றால் சோற்றைத் தட்டினான். இரண்டு வாரம் இப்படியே போனது. "அவனுக்குப் புரியலக்கா" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார்.

ஒவ்வொரு தட்டலையும் மென்பொருள் நேரத்தோடு பதிந்து வைக்கும். ஒரு ராத்திரி அதை வரிசையாகப் படித்தேன். தெரியாமல் தட்டுகிற பிள்ளையின் தவறு ஆறு கட்டத்திலும் சிதறிக் கிடக்கும். இவனுடைய தவறு ஏறக்குறைய எல்லாமே சரியான விடைக்கு அடுத்த கட்டம்! முழங்கால் கிளம்பவே அவனுக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் வெளிச்சம் நகர்ந்துவிடுகிறது. ஐந்து நொடியாக மாற்றினேன். மறுநாள் மாட்டைக் கேட்டேன், மாடு வந்தது.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அனில் பிரபாகர் குழுவினர், 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் நிறுவனத்தோடு சேர்ந்து, 'அதிதி' என்ற கருவியைச் செய்தார்கள். அதைத் தொடக்கூட வேண்டாம். அருகில் கையையோ தலையையோ அசைத்தால் போதும்.

மூளையிலிருந்து நேரடியாகப் படித்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று கேட்பீர்கள். தலைத்தோலில் கிடைக்கும் மின்குறிப்பு சில பத்து மைக்ரோவோல்ட்தான். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுவருக்குள் ஓடுவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விருத்தாசலத்துப் பீங்கான் பீஸ் கட்டை மின்சாரத்தை அதன் பாதையில் அடக்கி வைக்கும். அதன் இரைச்சல் மின்முனைகளில் வந்து ஏறுவதை அதுவும் தடுக்காது. மென்பொருளின் முதல் வேலைகளில் ஒன்று அந்த 50 ஹெர்ட்ஸை வடிகட்டுவது.

1988இல் அமெரிக்காவில் ஃபார்வெல், டான்சின் என்ற இருவர், ஆறுக்கு ஆறு கட்டத்தில் எழுத்துகளை வைத்து, வரிசை வரிசையாக மின்ன விட்டார்கள். மனத்தில் நினைத்த எழுத்து மின்னியதும், ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளையலையில் ஒரு சிறு மேடு எழும்பும். ஒருமுறை மின்னினால் அது இரைச்சலில் மறைந்துவிடும். அதனால் பலமுறை மின்னவிட்டுச் சராசரி எடுத்தார்கள். நிமிடத்துக்கு இரண்டு எழுத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. தமிழாசிரியர்களுக்கு ஒரு கணக்கு: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. முப்பத்தொன்றும் அந்த 36 கட்டத்தில் அடங்கி ஐந்து மிஞ்சும். க்‌-ஐயும் அ-வையும் சேர்த்து 'க' ஆக்குவது நீங்கள் கரும்பலகையில் செய்வதுதான்.

இதற்கெல்லாம் கருவி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கு படங்களை மேசையில் வையுங்கள். பிள்ளைக்கு நிச்சயம் தெரிந்த ஒன்றையே முதலில் கேளுங்கள். உங்கள் விரலை மெல்ல நகர்த்துங்கள். கண்சிமிட்டலோ தலையசைவோ, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். வந்த விடையைச் சரி, தவறு என்று மட்டும் போடாமல், எந்தப் படம், விரல் அப்போது எங்கே இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்து நோட்டைச் சேர்த்துப் படியுங்கள்.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன். அக்கா மகன் வெகுநேரம் முழங்காலைத் தட்டி ஒரு வரி சேர்த்தான். "மாமா, மெதுவா போகுது." மூன்று நொடியாகக் குறைத்துவிட்டு வந்திருக்கிறேன்.