அனுப்பியவர் யார்? மின்னஞ்சலுக்கு ஒரு விதி
(மாதாந்திர நலப்பணிக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே,

ஹஜ் விண்ணப்பம், பாஸ்போர்ட், நீட் தேர்வு, பொறியியல் கலந்தாய்வு, எதை எடுத்தாலும் படிவத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். அறந்தாங்கியிலோ மணமேல்குடியிலோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, "தம்பி, நீங்களே ஏதாவது போட்டுடுங்க" என்கிறோம். அவரும் தன்னுடைய முகவரியைப் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கூட்டம் அப்படி. ஆனால் உங்கள் பிள்ளைக்கு வரவேண்டிய கடிதம் இன்னொருவர் பெட்டிக்குப் போகிறது. அதனால், இன்று நான் சொல்லப்போகும் எதைச் செய்வதற்கு முன்பும், பிள்ளையின் பெயரில் ஒரு ஜிமெயில் திறங்கள். அதன் பாஸ்வேர்டு வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

பெட்டி நம்முடையதே என்றாலும் கடிதம் கண்ணில் படுவதில்லை. துணிக்கடைத் தள்ளுபடி, கடன் தருகிறோம் என்ற அழைப்பு, ஆன்லைன் கடை விளம்பரம், இவற்றுக்கு அடியில் அது கிடக்கும். இல்லையென்றால் ஸ்பேமுக்குள் போயிருக்கும். ஸ்பேமுக்குள் போனதை ஜிமெயில் 30 நாளில் தானாக அழித்துவிடும். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்தால் அதை உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம் தருகிறார்கள். அத்தா சபுரில் இருக்கிறார், அம்மாவுக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை, பிள்ளைக்கு 17 வயது. அந்த இரண்டு நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குத்தான் விதி. ஃபில்டர் என்பார்கள். இன்ன இடத்திலிருந்து வரும் கடிதத்தை இன்ன மாதிரி வை என்று ஒரு முறை சொல்லிவிட்டால், ஜிமெயில் தினமும் அதைச் செய்துகொண்டிருக்கும்.

இன்ன இடம் என்பதை எப்படிச் சொல்வது? ஹதீஸ் கலை படித்த ஆலிம்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள், அறிவித்தவர் யார் என்ற வரிசையையும் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் அந்த இடம் @ குறிக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பெயர் டொமைன். முன்னால் தெரியும் பெயரை நம்பாதீர்கள். 'ஹஜ் கமிட்டி' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். போனில் அந்தப் பெயர்தான் முதலில் தெரியும். அதைத் தொட்டு விரித்தால்தான் முழு முகவரி வரும்.

டொமைனை, நாம் குர்ஆன் ஓதுகிற மாதிரி, வலமிருந்து இடமாகப் படியுங்கள். இந்திய ஹஜ் கமிட்டியின் டொமைன் 'ஹஜ்கமிட்டி டாட் கவ் டாட் இன்'. வலது ஓரத்தில் 'கவ் டாட் இன்' இருக்கிறது. அதை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள். அதே எழுத்துகளை முன்னால் வைத்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடித்தால் அது வேறு யாருடைய வீடோ. 'கவ்' என்பதற்கு முன்னால் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலும் அப்படித்தான்.

வங்கிகளுக்கும் இப்போது இப்படி ஒரு வால் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் டொமைனுக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் இப்படி வால் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் தளம் 'டாட் ஆர்க்' என்று முடிகிறது. அந்த வாலை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். ஆகவே விதியில் வாலை மட்டும் போடாமல் முழு டொமைனையும் எழுதுங்கள். எதை எழுதுவது என்று சந்தேகம் வந்தால், விண்ணப்பித்த அன்று அங்கிருந்து வந்த முதல் கடிதத்தைத் திறந்து, அதிலிருக்கிற முகவரியைப் பாருங்கள்.

போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் விதி போட முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். மேலே தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் கோடுகள் போட்ட சிறு படம் இருக்கும். அதை அழுத்தினால் 'ஃப்ரம்' என்ற கட்டம் வரும். அதில் @ குறியோடு டொமைனை எழுதி, 'கிரியேட் ஃபில்டர்' அழுத்துங்கள். பிறகு வரும் பட்டியலில் நட்சத்திரம் இடு, முக்கியம் என்று குறி, 'படிப்பு' அல்லது 'ஹஜ்' என்று லேபிள் ஒட்டு, இந்த மூன்றையும் டிக் செய்யுங்கள். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' என்பதை மட்டும் தொடாதீர்கள். அது கடிதத்தை முன்வாசலில் காட்டாமல் உள்ளே வைத்துவிடும். துணிக்கடைக்கு அதைப் போடுங்கள், பொருத்தமாக இருக்கும். சபுரில் இருக்கும் அத்தாவுக்கும் ஒரு நகல் போகவேண்டுமா? அவர் முகவரியை முதலில் செட்டிங்ஸில் சேர்த்து, அவருக்கு வரும் உறுதிக் கடிதத்தை அவர் ஏற்றுக்கொண்டபின், அதே பட்டியலில் 'ஃபார்வர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' என்று ஒன்றும் அங்கே உண்டு. உபயோகமானது, ஆனால் கவனம் தேவை. அனுப்பியவர் முகவரியையே போலியாக எழுதி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜிமெயில் சந்தேகப்பட்டு ஒதுக்கியிருக்கக்கூடிய கடிதத்தையும் உங்கள் விதி உள்ளே விட்டுவிடும். அப்போது 'உங்கள் ஃபில்டரால்தான் இது ஸ்பேமுக்குப் போகவில்லை' என்று மேலே ஒரு வரி தெரியும். அந்த வரியைக் கண்டால் கடிதத்தில் உள்ள லிங்க்கை அழுத்தாமல், தளத்தின் பெயரை நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். பணம் கட்டச் சொன்னால் கட்டாயம் அப்படித்தான் செய்யவேண்டும்.

வளைகுடா வேலைக்கென்று வரும் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கம்பெனியின் பெயர், முத்திரை, விசா என்று எல்லாம் இருக்கும். முகவரி மட்டும் சாதாரண ஜிமெயிலாக இருக்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் 'இமைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக ரூ.30,000க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கும். பிள்ளைகள் விண்ணப்ப எண்ணையும் போனையும் எடுத்து வாருங்கள். விதியை நீங்களே உங்கள் கையால் போடலாம், நாங்கள் பக்கத்தில் இருப்போம். பாஸ்வேர்டை எங்களிடமும் சொல்லாதீர்கள்.

வஸ்ஸலாம்.