விருந்தினர் பேச்சும் ஊரார் எழுத்தும்

(ஊர் எழுத்தாளர் சங்கமொன்றின் மாதாந்தக் கூட்டத்தில், சிறப்புப் பேச்சாளராக அழைக்கப்பட்ட சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தின் அழைப்பிதழ் என் கையில் இருக்கின்றது. என் பெயர் அதில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கின்றது. தம் ஆக்கங்களை வாசிக்கவிருக்கும் மூவரின் பெயர்களோ அடியில், மூக்குக்கண்ணாடி இன்றித் தெரியாத சிற்றெழுத்தில் உள்ளன. அன்பு மிகுதியாற் செய்த காரியம் என்பதை அறிவேன். ஆயினும் அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இத்தகைய கூட்டமொன்றுக்குச் சென்றேன். மாலை நான்கு மணிக்கு ஆரம்பமாக வேண்டிய கூட்டம். வழக்கு அலுவல் முடித்து நான் போய்ச் சேர ஐந்தரை ஆயிற்று. அதுவரை கூட்டத்தைத் தொடங்காமலே வைத்திருந்தார்கள். பின்னர் வரவேற்புரை, தலைமையுரை, மாலை, பொன்னாடை. அதன்மேல் என் உரை, குறைவின்றி ஒரு மணி நேரம். நீட்டிப் பேசுவது எங்கள் தொழிலைப் பிடித்த நோய். நன்றியுரை நடக்கையில் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். தோட்டஞ் செய்பவர்; கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. குடும்பத்தோடு ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாள்களைக் கதையாக எழுதி வந்திருந்தாராம். “நேரமில்லை ஐயா, அடுத்த முறை பார்ப்போம்” என்றார்கள். அவர் கொப்பியைச் சால்வையிற் சுற்றிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். அவர் என்ன எழுதினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று வீணான ஒன்றரை மணி நேரம் என்னுடைய குற்றம்.

நீதிமன்றத்தில் நாங்கள் எத்துணை நாவன்மையோடு வாதிட்டாலும் எங்கள் வாதம் சாட்சியம் ஆகாது. கண்டவர் கூட்டில் ஏறித் தம் வாயாற் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் நடந்தவற்றுக்கு நீங்களே சாட்சிகள். வெளியிலிருந்து வருபவர், பேராசிரியராயினும் பாராளுமன்ற உறுப்பினராயினும், வாதஞ் செய்ய வந்தவரே. சாட்சியைக் கூப்பிடாமல் வழக்கை முடிக்கும் சட்டத்தரணியை எந்தக் கட்சிக்காரன் மன்னிப்பான்?

கட்சிக்காரன் என்ற சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. அந்தப் பொருளில் நானும் ஒருவன். ஆகையால் ஒளிக்காமற் சொல்கின்றேன். எங்களைப் போன்றோரை மாதந்தோறும் மேடையேற்றும் சங்கம் நாளடைவில் எங்கள் கிளைக் காரியாலயம் ஆகிவிடும். எங்களுக்கு வேறு மேடைகள் உண்டு. கொப்பியோடு வரும் கமக்காரருக்கு இதைவிட்டால் வேறு மேடை ஏது? 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. அது நடைமுறைக்கு வந்த கதை தனிக்கதை. இன்று அதற்குள் நுழையேன். ஆனால் இவ்வூரின் குளத்தையும் வயலையும், திரும்பி வராத பிள்ளைகளையும் அம்மொழியில் எழுதிவைக்கும் வேலையை எந்தச் சட்டமும் நமக்குச் செய்து தராது.

1943 இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இளைஞர்கள். வரதருக்கு அப்பொழுது இருபது வயதும் ஆகவில்லை. முதலிற் கையெழுத்து ஏடு நடத்தினார்கள். 1946 இல் ‘மறுமலர்ச்சி’ அச்சில் வந்தது. இரண்டாண்டு அளவில் நின்றும் போயிற்று. ஆயினும் ஈழத்துச் சிறுகதையையும் கவிதையையும் பற்றிப் பேசுவோர் இன்றும் அந்த ஏட்டைத் தேடுகிறார்கள். அவர்கள் கூட்டங்களில் யார் யாருக்கு மாலை விழுந்தது என்று எவரும் தேடுவதில்லை.

பேச்சாளரே வேண்டாம் என்பதன்று என் கட்சி. அழைப்புக் கடிதத்தோடு உறுப்பினரின் இரண்டு மூன்று ஆக்கங்களைப் பிரதிசெய்து இரு வாரம் முன்பே அனுப்புங்கள். படித்துவிட்டுக் குறையை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் வரட்டும். படிக்க நேரமில்லை என்பவரை விட்டுவிடுங்கள். மாலைச் செலவாவது மிஞ்சும். வாசிப்பு முதலில், விருந்தினர் பின்னர்.

பூரணை நாளிற் கூடுவது உத்தியோகத்தருக்கு வசதிதான். (1966 முதல் 1971 வரை போயா நாள்களே இந்நாட்டின் வாராந்த விடுமுறையாக இருந்தன என்பது இங்குள்ள இளைஞர் பலருக்குப் புதினமாயிருக்கும்.) ஆனால் விதைப்பும் அருவிவெட்டும் விடுமுறை பார்ப்பதில்லை. அம்மாதங்களிற் பொழுதுபட்ட பின் கூடுங்கள்.

இன்னுமொன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. இங்கு வாசிக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் இரு பிரதிகள் இருக்கட்டும்; இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

எனக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் கால்வாசிகூடச் செல்லவில்லை. மிகுதியை அழைப்பிதழின் அடியில் உள்ள மூவருக்கும் கொடுத்துவிடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கின்றேன். முதலாவது பெயருக்குரியவர் மேடைக்கு வரலாம். நான் கீழே அமர்ந்து கேட்கின்றேன்.